வாசித்து உறுதி செய்தல்

தீர்மானம் ஆறு:
வாக்காளர் பட்டியல் வாசிக்கப்பட்டது, ஏற்கப்பட்டது.
முன்மொழிந்தவர் திரு. தேவசித்தம்.
வழிமொழிந்தவர் திரு. அருள்திலகம்.
என் கையெழுத்து, என் பேனா.
அப்போது மணி பதினொன்று பத்து.

பதினொன்று நாற்பதுக்கு மலைச் சபையார் வந்தார்கள்.
ஏற்காட்டில் கோடை விழா.
எட்டாவது கொண்டை ஊசி வளைவில்
ஒரு சுற்றுலா வேன் கொதித்து நின்றுவிட்டதாம்.
ஒரு பையன் இன்னும்
எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்கவில்லை.
நாற்காலிகள் நிறைந்திருந்தன.
பின்சுவரோரம் ஞாயிறு பள்ளியின் குட்டி பெஞ்சுகளில்
முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்தார்கள்.

செப்போராள் உட்காரவில்லை.
பட்டியல் எங்கே என்றாள்.
சுவரைக் காட்டினேன்.
மேலிருந்து கீழே விரல் வைத்து வந்தாள்,
இலை விலக்கிப் பழுத்த காப்பியை மட்டும் தொடுகிற விரல்.
மலை மொத்தத்துக்கும் பதினோரு பெயர்.
அதில் இரண்டு பேர் கல்லறையில்.

"நூத்தி நாப்பது பேர் நற்கருணை எடுக்கறோங்க.
பந்திக்கு நூத்தி நாப்பது,
பட்டியலுக்குப் பதினொன்னுங்களா?"

விதியை வாசித்தேன்.
சந்தா மூன்று மாதம் பாக்கி என்றால் பெயர் நீங்கும்.
அடைமழை வாரத்தில்
எஸ்டேட்டில் கூலி கிடையாது என்பது
விதி எழுதியவர்களுக்குத் தெரியாது.
எனக்குத் தெரியும்.
தெரிந்தே தெளிவான குரலில் வாசித்தேன்.

"சரிங்க. போன அறுப்பின் பண்டிகைக்கு
வீட்டுக்கு ஒரு படின்னு சேத்து
ஒரு மூட்டை மிளகு இறக்கினோம்.
அது யாரு கணக்குலங்க?"

அது ஏலத்தில் போனது.
ஏலம் எடுத்தவர் பெயரில் ரசீது.
ரசீது புத்தகம் என் முழங்கைக்குக் கீழே இருந்தது.
பிரித்துப் பார்க்கத் தேவையில்லை,
ஒருதரம், இரண்டுதரம் என்று கூவியவனே நான்தான்:
மிளகு ஒரு மூட்டை, திரு. தேவசித்தம்.
பாதி விலைக்கு எடுத்தார்.
அந்தத் தொகை காணிக்கையாக வரவு வைக்கப்பட்டு
பட்டியலில் அவர் மூன்றாவது பெயர்.
கொடுத்தவர்களுக்கு அன்றைக்குக் கைதட்டினோம்.

ஐயர் கண்ணாடியைத் துடைத்தார்.
அக்டோபர் கடைசி ஞாயிறு அவர்தான் பிரசங்கித்தார்,
விசுவாசிகள் எல்லாரும் ஆசாரியர் என்று.
மின்விசிறியையும் மீறிக் கேட்டது அந்த 'எல்லாரும்'.

முடிந்த தீர்மானத்தைத் திறக்க
மூன்றில் இரண்டு பங்கு கை தூக்க வேண்டும் என்றார் ஒருவர்.
கை தூக்கப் பட்டியலில் பெயர் வேண்டும்
என்றார் இன்னொருவர்.
யாரோ சிரித்தார்கள்.
பெஞ்சில் இருந்தவர்கள் கைகளை மடியில் வைத்திருந்தார்கள்.

"அப்ப எங்க மிளகுக்கு ஒரு ரசீது போடுங்க.
தொகை வேண்டாம்.
மஞ்சக்குட்டை, அம்பத்திரண்டு வீடுன்னு எழுதுங்க, போதும்."

பொருளாளரைப் பார்த்தேன்.
அவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார்.
வாக்குப்பெட்டி வந்தது.
புதிய கமிட்டியில்
மலைக்கு ஒரு பிரதிநிதி கிடைத்தார்:
அஸ்தம்பட்டியில் வீடு,
மஞ்சக்குட்டையில் பதினைந்து ஏக்கர்.

பிரிஞ்சிப் பொட்டலமும் பட்டியல்படி எண்ணித்தான் வாங்கியிருந்தார்கள்.
பற்றாது என்று தெரிந்ததும்
அவர்களே எழுந்துவிட்டார்கள், ரெண்டரை பஸ் இருக்கிறதென்று.
தடுக்க யாரும் போகவில்லை.
என் பொட்டலத்தை நான் சாப்பிட்டேன்.

குறிப்பில் எழுதியது இவ்வளவே:
"மலைச் சபையார் சிலர் விளக்கம் கேட்டனர். அளிக்கப்பட்டது."

இன்று இரவு அந்தக் கடைசிச் சொல்லை அடித்துவிட்டு
மேலே, நெருக்கிப்பிடித்து,
'அளிக்கப்படவில்லை' என்று எழுதினேன்.
அடித்தல் திருத்தலுக்குப் பக்கத்தில்
சுருக்கொப்பம் இட வேண்டும், அதுவும் விதி.
இட்டேன்.
கை வேறு யாருடையதோ போல நடுங்கியது.

ஆகஸ்டுக் கூட்டத்தில் முதல் பொருள்,
முந்தைய குறிப்பை வாசித்து உறுதி செய்தல்.
வாசிக்க வேண்டியவன் நான்.
செப்போராளுக்கு ஓர் அஞ்சலட்டை போட்டிருக்கிறேன்:
நோட்டீஸில் பத்து மணி என்று இருக்கும்.
ஒன்பதுக்கே வாருங்கள்.
முன்வரிசையில் உட்காருங்கள்.